ஏதாச்சும் தட்டுச்சா?

ஜூன் 12, புதன்

ஆசிரியர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். பாதி வருடம் போன பிறகு! பாடத்திட்டம் எழுதவாம். அதற்கு ஏற்கனவே இரண்டு நோட்டு இருக்கிறது. ஆகவே இதில் என் வீட்டுக்காரரைத் திட்டி எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். நேரில் திட்டினால் அவர் முகம் சுருங்கிப்போகிறது. அதைப் பார்த்தால் திட்டியதன் பலனே இல்லாமல் போய்விடுகிறது.

இன்று பள்ளிக்குத் தாமதம். திறந்து மூன்றாம் நாளே.

உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்கு இருவரும் காரில்தான் போகிறோம். அவருக்கு அங்கே பம்ப்செட் உதிரிபாகக் கடை, எனக்கு அங்கே பெண்கள் பள்ளி. ஏப்ரலில் இந்தக் காரை வாங்கியபோது பஸ்ஸில் இடிபடும் தொல்லை விட்டது என்று நினைத்தேன். கோழித்தீவனக் கடை தாண்டி ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியதும் இவர் கண்ணாடியைப் பார்த்தார்.

"சாந்தா, இப்ப ஏதாச்சும் தட்டுச்சா?"

"ஸ்பீடு பிரேக்கருங்க."

"அதுக்கப்பறம். டொக்குன்னு ஒரு சத்தம்."

"அது என்ற டிபன் பாக்ஸுங்க."

நூறடி போயிருப்போம். "ஒருக்கா பாத்துப்போட்டு வந்தரலாம்" என்று வண்டியைத் திருப்பினார். அங்கே என்ன இருக்கும்? ரோடு இருந்தது. தீவனக் கடைக்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். இவர் இறங்கிப்போய் ஓரத்துப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 13, வியாழன்

மறுபடியும். அதே வேகத்தடை.

ஜூன் 18, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. சிலிண்டர் வரவில்லை. பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் ஒருத்திக்குக்கூட குவிலென்சுக்கும் குழிலென்சுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

இப்போது வேகத்தடை மட்டுமில்லை. பள்ளம், பாலம், எதிரே சைக்கிள் வந்தது, யாரோ ரோட்டைக் கடந்தது, எல்லாவற்றுக்கும் கேள்வி. "அந்தம்மா அந்தப் பக்கம் போய்ச் சேந்துட்டாங்கல்ல?" போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றால் போதாது. அதை நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பாதி தூக்கத்தில் சொன்னால் செல்லாது. சொன்ன பிறகு, "நீ பாத்தயா, இல்ல சும்மா சொல்றயா?" இதற்கும் ஒரு பதில். ஒரு பயணத்துக்கு எத்தனை முறை சத்தியம் செய்கிறேனென்று எண்ணிப் பார்க்கக்கூட எனக்கு அலுப்பாக இருக்கிறது.

கவனமான மனிதர் என்று சொல்லித்தான் இவரை எனக்குக் கட்டிவைத்தார்கள். கவனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

ஜூன் 25, செவ்வாய்

ஹெச்.எம். அழைத்தார். "சாந்தாமணி டீச்சர், நீங்களே இப்படி லேட்டா வந்தா புள்ளைங்கள என்னன்னு கேக்கறது?" இருபத்திரண்டு வருட சர்வீஸில் இந்தக் கேள்வி முதல் முறை. காதெல்லாம் சூடாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நாளையிலிருந்து நான் பஸ்ஸில் போகிறேன் என்றேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பயந்துபோனார்.

"நீ இல்லாம நான் எப்படி ஓட்டறது?"

"ஓட்டறது நீங்க. நான் சும்மா ஒக்காந்துதான வாறேன்?"

"பக்கத்துல ஆளிருந்தாத்தான... என்னாச்சுன்னு தெரியும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ்ஸில் போகவில்லை. காலையில் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புவதாக ஏற்பாடு. அந்த அரை மணி நேரத்தையும் சேர்த்துத் தின்றுவிடுவார், எனக்குத் தெரியும்.

ஜூன் 27, வியாழன்

தின்றுவிட்டார்.

ஜூலை 3, புதன்

சென்னையிலிருந்து மது பேசினாள். வேலையில் சேர்ந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் அம்மாவுக்கு அறிவுரை சொல்லும் குரல் வந்துவிட்டது.

"அம்மா, அப்பா ஏன் இப்பெல்லாம் தெனம் அத்தன தடவ கூப்படறாரு? ஆபீஸ் போய்ட்டயா, ரோட்ட தாண்டீட்டயா, யாரும் ஒண்ணும் பண்ணலயேன்னு. மீட்டிங்ல இருந்து எடுக்கலைன்னா என்ற ரூம்மேட்டக் கூப்படறாரு."

"பாசம்" என்றேன்.

சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. இவள் கைக்குழந்தையாக இருந்தபோது இந்த மனிதர் ஒருநாள்கூட இவளைத் தூக்கியதில்லை. தொட்டிலை ஆட்டுவார், அதுவும் தள்ளி நின்று கயிற்றைப் பிடித்து. குளிப்பாட்டும்போது துண்டைக்கூட நீட்டமாட்டார், வெளியே போய்விடுவார். பிரசவித்த உடம்போடு ஒற்றை ஆளாக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெண் குழந்தை என்பதால் என்றுதான் அன்று நினைத்தேன். இப்போது திடீரென்று பாசமாம்.

ஜூலை 9, செவ்வாய்

இவருடைய கடைக் கூட்டாளி திருமூர்த்தி என்னைக் கடைத்தெருவில் பார்த்தார். நல்ல மனிதர், மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாது.

"ஏனுங்கக்கா, நாச்சிமுத்து அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லீங்களா? மதியம் மூணு மணியானா வெளிய போயர்றாரு. வாறதுக்கு நாலரையாயிருது. எங்க போனீங்கன்னு கேட்டா ஒண்ணும் சொல்றதில்ல."

ஐந்து மணிக்கு என்னைப் பள்ளி வாசலில் ஏற்றிக்கொள்கிறாரே, அதுவரை கடையில் இருக்கிறார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. இருந்தாலும் துவைக்கப் போடும்போது சட்டைப் பைகளைப் பார்த்தேன், எல்லோரும் பார்ப்பதுதான். டீக்கடைச் சில்லறை, ஒரு ஸ்க்ரூ. காரின் பின் சீட்டையும் கூட்டித் துடைத்தேன். ரொம்ப நாளாகத் துடைக்கவில்லை.

ஜூலை 10, புதன்

அவர் குளிக்கப் போயிருந்தபோது போன் மேசைமேல் இருந்தது. இரண்டு எண்களுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். பள்ளிக்குப் போய் இடைவேளையில் என் போனிலிருந்து அந்த எண்களைக் கூப்பிட்டேன். ஒன்று போலீஸ் ஸ்டேஷன். இன்னொன்று ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு.

ஒரு பெண் குரலுக்காகத் தயாராக இருந்தேன். "ஸ்டேஷன், சொல்லுங்க" என்று கரகரத்த ஆண் குரல் கேட்டதும் எனக்கு ஏற்பட்டது நிம்மதியா, அதைவிடப் பெரிய பயமா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 11, வியாழன்

கேட்டேவிட்டேன். மதியம் எங்கே போகிறீர்கள்?

"ரோட்டப் பாக்கப் போவேன்" என்றார்.

"எந்த ரோட்ட?"

"காத்தால வந்த ரோட்டத்தான். நீ பக்கத்துல இருக்கறப்ப முழுசாத் திரும்பிப் போகமுடியறதில்ல. அதனால மத்தியானம் ஒருக்கா போய் ரெண்டு பக்கமும் பாத்துருவேன். யாராச்சும் விழுந்து கெடந்தா..."

"யாருங்க விழுந்து கெடக்கறது?"

"அதான் தெரியல."

"தெரியலைன்னா ஸ்டேஷனுக்கு எதுக்குங்க போன்?"

"இன்னிக்கு எங்கயாச்சும் ஆக்சிடெண்டான்னு கேப்பேன். இல்லீங்கன்னு சொல்லுவாங்க. கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கும்."

கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வெளியே வந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். காலையில்தான் ஊற்றியிருந்தேன். வேறொரு பெண்ணாக இருந்திருந்தால் அவளைப் போய்க் கேட்டிருப்பேன். ரோட்டைப் போய் என்னவென்று கேட்பது?

ஜூலை 19, வெள்ளி

நேற்று எனக்குச் சிறப்பு வகுப்பு. பஸ்ஸில் வந்தேன். அவர் தனியாகக் காரில் வந்தார்.

இன்று காலைப் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. வேப்பமர வளைவில் நேற்று மாலை இளநீர் விற்றுவிட்டு வீட்டுக்குச் சைக்கிளில் போனவரை ஏதோ வண்டி மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. வண்டியைத் தேடுகிறார்கள்.

நாங்கள் தினமும் போகும் வழி.

அவர் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். இட்லியைத் தொடவில்லை. "நாந்தான்" என்றார்.

"வாய மூடுங்க. எத்தன மணிக்குக் கெளம்புனீங்க?"

"தெரியல. அந்த வளைவுல வண்டி லேசாக் குலுங்குச்சு. நான் திரும்பிப் பாக்கல. ஒரே ஒரு நாள், சாந்தா. இன்னிக்காச்சும் திரும்பாமப் போவோம்னு பல்லக் கடிச்சுட்டு வந்துட்டேன்."

நீங்கள் இல்லை, நீங்கள் இல்லை, நீங்கள் இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நேற்று நான் காரில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ஜூலை 20, சனி

விடுமுறை. வண்டியைக் கழுவினேன். வாரம் ஒருமுறை கழுவுவதுதான், வழக்கமாக அவர் கழுவுவார். முன்பக்கம் இடது ஓரத்தில் ஒரு கீறல். விரல் நீளம். பழையதாகத்தான் இருக்க வேண்டும். நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அவரிடம் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

ஆனைமலைக் கோயிலுக்குப் போகலாமென்று தனியாகப் பஸ் ஏறினேன். வேப்பமர வளைவில் தாகமாக இருந்ததால் இறங்கினேன். இறந்தவருடைய இளநீர்க்கடை மூடிக் கிடந்தது. பக்கத்து டீக்கடையில் ஓர் அம்மா இருந்தார்கள். அவர்களாகத்தான் பேச்செடுத்தார்கள். எத்தனை மணி, என்ன வண்டி, என்ன நிறம் என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டேன். "வெள்ள வண்டீன்னு சொல்றாங்க கண்ணு" என்றார்கள்.

எங்கள் காரும் வெள்ளை.

கோயிலுக்குப் போகவில்லை. நேரமாகிவிட்டது.

ஜூலை 22, திங்கள்

அவர் கடைக்குப் போகவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்து உட்கார்ந்து பார்க்கிறார். கீறலைப் பார்த்தாரா என்று நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் எங்கள் தெருவில் ஒரு ஜீப் போனது. இருவரும் எழுந்து நின்றோம். மின்வாரிய ஜீப்.

ஜூலை 24, புதன்

இதை எழுதும்போது பேனா முனை தாளைக் கிழிக்கிறது. கோபத்தில் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் பீரியடில் போன். "உங்க வீட்டுக்காரரு இங்க ஸ்டேஷன்ல வந்து ஒக்காந்துட்டிருக்காருங்க. கொஞ்சம் வாங்க." திருமூர்த்தி பைக்கில் கூட்டிப்போனார்.

இவர் பெஞ்சில் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி. இன்ஸ்பெக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். ரொம்பக் களைத்த முகம்.

"அம்மா, இவரு இளநீர்க்காரர நாந்தான் அடிச்சேங்கறாரு. என்னைக் கைது பண்ணுங்கங்கறாரு."

கீறல், கீறல் என்றே மனது சொல்லிக்கொண்டிருந்தது.

"அந்த வண்டிய நாங்க திங்கக்கெழமையே புடிச்சாச்சுங்க. பால் வேன். பெட்ரோல் பங்க் கேமராவுல தெளிவா இருக்குது. டிரைவரும் ஒத்துக்கிட்டான். இத இவருகிட்ட நாலு தடவ சொல்லிப்போட்டேன்."

அப்படியே சுவரில் சாய்ந்தேன். ஐந்து நாளாக உடம்பில் ஏறியிருந்த பாரம் இறங்கிவிட்டது. இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அப்ப நான் அடிச்சது வேற ஆளா இருக்குமுங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "அந்த ரோட்டுல அன்னிக்கு வேற யாரும் அடிபடலீங்க."

"யாரும் கம்ப்ளெய்ண்ட் குடுக்காம இருக்கலாமுங்கல்ல? வாய்க்கால்ல விழுந்திருந்தா யாருக்குத் தெரியுமுங்க?"

ஸ்டேஷனில் யாரும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த ஏட்டுகூட நிமிர்ந்து பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் என்னைத் தனியே அழைத்தார். "தெனம் போன் பண்ணி ஆக்சிடெண்டான்னு கேக்கறது இவருதாங்க, கொரல வெச்சே தெரியுது. அடிச்சவன் எவனும் தானா இங்க வந்து நிக்கறதில்ல. அடிக்காத மனுசன் ஜெயில்ல போடுன்னு கெஞ்சறாரு. இது நாங்க தீர்க்கற விஷயமில்லீங்க. கோயமுத்தூர்ல நல்ல மனநல டாக்டரா பாத்துக் காட்டுங்க. தள்ளிப் போடாதீங்க."

மனநல டாக்டர்! என் புருஷன் இத்தனை வருடம் ஒரு கடையை நடத்துகிறார். ஒரு பில் தப்பாகப் போட்டதில்லை.

திருமூர்த்தி வழியெல்லாம் தேங்காய் விலையைப் பற்றியே பேசினார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஜூலை 25, வியாழன்

எல்லாம் முடிந்தது, இனி நிம்மதி என்று நினைத்துப் பாயசம் வைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு, "அந்தப் பால் வேன் டிரைவரு பாவம். நான் பண்ணுனதுக்கு அவன மாட்டிவுட்டுட்டாங்களோ?" என்றார்.

பாத்திரத்தைச் சிங்க்கில் போட்ட வேகத்தில் பிடி கழன்றுவிட்டது. டிரைவர் ஒத்துக்கொண்டும் நம்பவில்லை, கேமரா சொன்னாலும் நம்பவில்லை, போலீஸ் சொன்னாலும் நம்பவில்லை. நான் முகத்தைப் பார்த்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது? டாக்டருக்கு நானே போன் செய்து நேரம் வாங்கினேன்.

ஆகஸ்ட் 3, சனி

கோயமுத்தூர். டாக்டர் ஷர்மிளா பானு. என்னைவிடச் சின்னவர். சுவரில் காலண்டரைத் தவிர ஒன்றும் இல்லை. மனநல டாக்டர் அறை எப்படி இருக்கும் என்று நான் என்னென்னவோ கற்பனை செய்து வைத்திருந்தேன்.

இவரைப் பார்த்து, "மனசுல வர்ற அந்த நெனப்ப நீங்களா வரவழைக்கிறீங்களா, அதுவா வருதா?" என்று கேட்டார்.

"அதுவா வருதுங்க. வேண்டாம்னு தள்ளத் தள்ள இன்னும் பெலமா வருதுங்க."

"அது உண்மையில்லன்னு உங்களுக்குத் தெரியுதா?"

"நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது தெரியுமுங்க. அந்த மீதி ஒண்ணுதானுங்க சாப்பிட வுடமாட்டேங்குது."

"திரும்பிப் போய்ப் பாத்துட்டு வந்தா?"

"சரியாயிருமுங்க."

"எவ்வளவு நேரத்துக்கு?"

இவர் கொஞ்சம் யோசித்தார். "அடுத்த ஸ்பீடு பிரேக்கர் வரைக்குமுங்க."

டாக்டர் தலையாட்டினார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். கார் வாங்கின பிறகு, ஏப்ரலில் என்று நான் சொன்னேன். இவர் என்னைப் பார்க்காமல், "எட்டாவது படிக்கறப்பங்க" என்றார்.

இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்திருக்கிறேன். எட்டாவதாம்.

சாமி கும்பிடும்போது ஒரு வார்த்தை தப்பினால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஆரம்பத்திலிருந்து மறுபடியும் கும்பிடுவாராம், பள்ளிக்கூடம் போக நேரமாகி அடி வாங்கும்வரை. தோட்டத்து மோட்டார் சுவிட்சை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போவாராம். கல்யாணமான புதிதில் அதை நானே பார்த்திருக்கிறேன். பொறுப்பான மனிதர் என்று அம்மாவுக்குப் போன் செய்து பெருமையடித்திருக்கிறேன். சில வருடம் இருக்காது, சில வருடம் வரும். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்களே.

அப்புறம் அவர் தானாகவே சொன்னார்.

"பாப்பா பொறந்தப்பத்தானுங்க ரொம்ப மோசம். கைல எடுத்தா கீழ போட்டுருவனோன்னு. தவறிப் போடறதில்லீங்க. நானே வேணும்னு போட்டுருவனோன்னு ஒரு நெனப்பு. தண்ணிய பாத்தா அதுல அமுக்கீருவனோன்னு. எனக்கு அந்தப் புள்ளைன்னா உசுருங்க. அதனாலதான் கிட்டவே போகல."

டாக்டர் ரொம்பச் சாதாரணமாக, தலைவலி வருகிறது என்று சொன்னதைக் கேட்பதுபோலத்தான் கேட்டுக்கொண்டார். "இந்த மாதிரி நெனப்பு நெறைய அம்மா அப்பாவுக்கு வர்றதுண்டு. வந்து நடுங்கி ஒதுங்கிப் போறவங்க கெடுதல் செய்யறவங்க இல்ல. எது ரொம்ப முக்கியமோ அதைத்தான் இந்த நோய் தேடிப் புடிக்கும்" என்றார்.

ஓசிடியாம். எண்ணச் சுழற்சி என்று தமிழில் சொன்னார். வேண்டாத நினைப்பு ஒன்று வந்து மாட்டிக்கொள்ளும், அதன் பயம் தாங்காமல் ஒரு காரியம் செய்வார்கள், அப்போதைக்கு ஆறும், மறுபடி வரும். கை கழுவுகிறவர்கள் மட்டுமே இப்படி என்று நினைத்திருந்தேன் என்றேன். "கை கழுவறது வெளிய தெரியும். இவரு கழுவுனது ரோட்ட" என்றார் டாக்டர்.

பிறகு என்னைப் பார்த்தார். "அவரு கேக்கும்போதெல்லாம் நீங்க என்ன சொல்லுவீங்க?"

"ஒண்ணும் ஆகலீங்கன்னு சொல்லுவேன். முகத்தப் பாத்து."

"இனிமே சொல்லாதீங்க."

"சொல்லலைன்னா தவிச்சுப் போயிருவாருங்களே?"

"தவிப்பாரு. தவிக்க விடணும். திரும்பிப் பாக்காம இருந்தாலும் அந்தத் தவிப்பு தானா எறங்கும்னு அவரோட உடம்பு கத்துக்கணும். நீங்க சொல்ற ஒவ்வொரு பதிலும் அத கத்துக்க விடறதில்ல. நீங்க அன்பாத்தான் செஞ்சீங்க. ஆனா அது நோய்க்குத்தான் தீனி."

மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேலை செய்ய ஆறு வாரமாவது ஆகுமாம். வாராவாரம் பயிற்சிக்கும் வர வேண்டும்.

வரும் வழியில் கிணத்துக்கடவில் நிறுத்தி டீ குடித்தோம். வீட்டுக்கு வந்து உளுந்து ஊறப்போட்டேன். மதுவின் பழைய போட்டோ ஆல்பம் எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

"சாந்தா, ஏதாச்சும் தட்டுச்சா?"

"தெரியலீங்க."

"நெஜமாத் தெரியலையா, டாக்டர் சொன்னாங்கன்னு சொல்றயா?"

"தெரியலீங்க."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துவிட்டன. உதடு உலர்ந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த முகம் மலர்ந்துவிடும். நான் ஜன்னல் வழியே தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இதைவிட அவரைத் திட்டிக்கொண்டிருந்தது எனக்குச் சுலபமாக இருந்தது.

திருப்பிக்கொண்டு போனார். பாதி வழியில் நிறுத்தி, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, மறுபடி பொள்ளாச்சிப் பக்கம் திருப்பினார். டாக்டர் இதையே முன்னேற்றம் என்பார். எனக்கு முதல் பீரியட் போனது.

ஆகஸ்ட் 14, புதன்

ஹெச்.எம்.மிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் தெரியட்டும். கேட்டுவிட்டு, "எங்க தங்கச்சியும் கேஸ் அடுப்ப மூடுனமான்னு போட்டோ எடுத்து வெச்சு, ஆபீஸ் போய்ச் சேர்ற வரைக்கும் அதையே பாத்துட்டுப் போவா. இதுதானா அது?" என்றார். எனக்கெப்படித் தெரியும். டாக்டர் எண்ணைக் கொடுத்தேன்.

முதல் பீரியடை எனக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மோசமான நாள். மாத்திரையால் வயிற்றுப் புரட்டல். மதியம் ரோட்டைப் பார்க்கப் போய்விட்டார். போனதை அவரே சொன்னார், அதுவரைக்கும் சரி. நான் கத்தினேன். அவர் அழுதார். பிறகு நானும். பிறகு ரேஷன் கடை மூடுவதற்குள் ஓட வேண்டியிருந்தது.

காரின் கீறல் எப்படி வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. திருமூர்த்தியிடம் கேட்கலாமென்று இருந்தேன். கேட்கவில்லை. தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவருக்கு மட்டும்தான் பயிற்சியா?

செப்டம்பர் 10, செவ்வாய்

ஒருமுறை கேட்டார். திரும்பவில்லை.

செப்டம்பர் 11, புதன்

திரும்பினார். ஹும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மது வந்திருக்கிறாள். அவளிடம் எல்லாம் சொன்னேன். குழந்தையாக இருந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டாமென்றுதான் இருந்தேன், இவரே சொல்லிவிட்டார். அவள் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துத் தின்றாள். "அந்த அப்பளம் எனக்கு" என்று அவர் சண்டை போட்டார். நான் உள்ளே போய் இன்னும் நாலு பொரித்தேன். எண்ணெய் கண்ணில் தெறித்துவிட்டது.

அக்டோபர் 8, செவ்வாய்

இத்தனை மாதமாக எதற்குப் பயந்தாரோ அது இன்று நடந்தது.

மாலை, கோமங்கலம் தாண்டி. பக்கத்துத் தோட்டத்து வழியிலிருந்து தீவனப்புல் கட்டோடு ஒரு மொபெட் நேராக ரோட்டில் ஏறியது. இவர் பிரேக் போட்டார். போட்டும் லேசாக உரசிவிட்டது. மொபெட் சாய, அதில் வந்தவர் புல்லோடு ரோட்டில் விழுந்தார்.

எல்லாம் போச்சு, இந்த மனிதர் இனி எழுந்திருக்கவே போவதில்லை என்றுதான் நினைத்தேன்.

இவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, விளக்கை மினுக்க விட்டு இறங்கினார். ஓடவில்லை. "ஏனுங்க, தலைல அடிபட்டுதுங்களா? கழுத்த ஆட்டாதீங்க. அப்படியே படுங்க" என்றார். 108-க்குப் போன் செய்து இடத்தைத் தெளிவாகச் சொன்னார். பின்னால் வந்த லாரியைக் கையைக் காட்டி நிறுத்தினார். "சாந்தா, தண்ணி பாட்டல எடுத்தா" என்று என்னிடம் சொன்ன குரலில் நடுக்கமே இல்லை. நான் பாட்டிலை எடுக்கப் போய்க் கதவைத் திறக்கத் தெரியாமல் நின்றேன்.

அந்தப் பெரியவருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. வேறொன்றும் இல்லை. "எம்மேலதான் தப்புங்க, பாக்காம ஏறீட்டேன்" என்று அவரே போலீஸிடம் சொன்னார். இவரும் தன் பங்குக்கு எல்லாம் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மாவுக்கட்டுப் போடும்வரை அவர் கூடவே இருந்து, அவருடைய மகன் வந்த பிறகுதான் கிளம்பினோம்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். "உங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

"இல்ல, சாந்தா. எனக்கே ஆச்சரியமா இருக்குது. கண்ணு முன்னால ஆளு விழுந்து கெடந்தா என்ன பண்றதுன்னு தெரியுது. விழாத ஆளத்தான் என்னால தூக்க முடியல."

"அவருக்கு உள்ளுக்குள்ள அடி கிடி ஒண்ணும் இருக்காதுங்கல்ல? டாக்டரு சரியாத்தான பாத்தாங்க? நம்ம மேல தப்பில்லீங்கல்ல?" என்றேன்.

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கண்ணோரம் சுருங்கியது.

"தெரியல, சாந்தா" என்றார்.

அறையலாம் போலிருந்தது. ஆஸ்பத்திரி என்பதால் விட்டேன்.

வீடு வரும்வரை அவர் அடிக்கடி கண்ணாடியைப் பார்த்தார். ஒரு வேகத்தடையில் வேகம் குறைந்தது, கை ஸ்டியரிங்கைத் திருப்பப் போனது, பிறகு நேராக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கழுத்து வலிக்கிறமாதிரி பின்னால் திரும்பி, ரோடு காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.